நாற்பது நொடி பிந்திய ஊர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சுவர் வழியாகக் கிடைத்தது. பெரம்பலூரில் நான் குடியிருக்கும் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். போன வருடம் கேபிளை நிறுத்திவிட்டு, பெட்டியையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, கிரிக்கெட்டைக் கைபேசியில் பார்க்கத் தொடங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் கேபிள்தான். ஒருநாள் கடைசி ஓவர். என் கைபேசியில் பந்துவீச்சாளர் பந்தைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நிற்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் "போச்சுடா!" என்று ஓர் அலறல். என்ன நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் துடைத்து முடித்து, ஓடிவந்து, பந்தைப் போட்டு, அது நடந்து முடிகிறவரை மரியாதையாக உட்கார்ந்து பார்த்தேன்.

வருவதை முன்னரே அறிகிற முனிவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் பொறாமைப்பட்டிருக்கிறேன். அன்றோடு அது தீர்ந்தது. பாவம், எவ்வளவு எரிச்சலோடு உட்கார்ந்திருப்பார்கள்.

இதை வைத்து ஒரு கதை எழுதலாம் என்று தோன்றியது. தோன்றுவதற்கு என்ன, தோன்றிவிடும்.

2

தொடக்கம் ஒன்று: மலர்க்கொடி கேபிள் கம்பத்தின் உச்சியில் நின்றபோது, மேற்கு மலைகளுக்குப் பின்னால் சூரியன்

(நிறுத்திவிட்டேன். கம்பம் ஏறுவது மலர்க்கொடியின் தம்பி வீரமணி. சூரியனுக்கும் இந்தக் கதையில் வேலை இல்லை.)

தொடக்கம் இரண்டு: விளையாட்டுத் தொலைக்காட்சிகள் இன்று எதிர்கொண்டுள்ள நெருக்கடியை ஆராயுமிடத்து

(ஆராயுமிடத்து வாசகர் எழுந்து போய்விடுவார்.)

தொடக்கம் மூன்று: மலர்க்கொடியிடம் இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று வீடுகள் இருந்தன.

இது பரவாயில்லை. படித்தவுடன் யார் இந்தப் பணக்காரி என்று கேட்கத் தோன்றுகிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

3

மலர்க்கொடியிடம் இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று வீடுகள் இருந்தன. அவள் கேபிள் டிவி நடத்துகிறவள். வீடு என்று அவள் சொல்வது இணைப்பை. வேப்பந்தட்டையிலிருந்து மலைப்பக்கம் போகும் சாலையில் இருக்கிறது அவள் ஊர். பெயர் வேண்டாம். போட்டால் அந்த ஊர்க்காரர் யாராவது எங்கள் ஊரில் கபடி அணியே கிடையாது என்று கடிதம் எழுதுவார். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், நடுவில் ஒரு பத்துக்குப் பத்து அறை. அந்த அறைக்குக் கண்ட்ரோல் ரூம் என்று பெயர். அங்கிருந்துதான் ஊர் முழுக்கப் படம் போகிறது.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் களை எடுத்தவர்கள். மலர்க்கொடி பன்னிரண்டாவது முடித்தாள், மகளிர் குழுவில் கடன் வாங்கினாள், நடத்தத் தெரியாமல் ஒருவர் போட்டுவிட்டுப் போன கேபிள் லைனை எடுத்துக்கொண்டாள். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்கள் வீட்டுக்குள்ளெல்லாம் அடுத்த உலகக் கோப்பைக்கு முன் அவளுடைய வயர் போய்விட்டது. நல்ல காலத்தில் எழுநூறு வீடு. இப்போது வயது நாற்பத்து மூன்று, வீடு இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று. முன்னது ஏறிக்கொண்டிருந்தது, பின்னது இறங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்கு சிக்னல் கொடுக்கிற பெரிய கம்பெனி ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. இந்த மாதக் கடைசித் திங்கட்கிழமை சாயங்காலம் ஆள் வந்து கணக்கெடுப்பார். முந்நூறு இணைப்புக்குக் குறைந்தால் அவளுடைய லைனைப் பக்கத்து ஊர் லைனோடு சேர்த்துவிடுவார்கள். சேர்த்துவிடுவது என்றால் நல்ல வார்த்தைதான். ஆனால் அதற்குப் பிறகு கண்ட்ரோல் ரூம் கிடையாது, மலர்க்கொடிக்கும் வீரமணிக்கும் வேலை கிடையாது, அவள் ஆசை ஆசையாக நடத்தும் சொந்தச் சேனலும் கிடையாது.

ஏழு வீடு குறைகிறது. கதை முழுக்க இந்த ஏழு என்ற எண்ணை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

4

(இந்தப் பகுதி கொஞ்சம் கட்டுரை. பிடிக்காதவர்கள் ஐந்தாம் பகுதிக்குத் தாண்டிப் போகலாம். யாரிடமும் சொல்ல மாட்டேன்.)

கேபிளில் சேனல்கள் கட்டுக்கட்டாக வரும். சீரியல் மட்டும் பார்க்கும் வீட்டுக்கும் கிரிக்கெட் சேனல் போகும். கிரிக்கெட் மட்டும் பார்க்கும் வீட்டுக்கும் சீரியல் போகும். மட்டையைக் கண்ணால் பார்க்காத மாமியார்கள் மாதாமாதம் கிரிக்கெட்டுக்குத் தங்கள் பங்கைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கே அது தெரியாது. இப்படி ஊர் ஊராகச் சேர்ந்ததை நம்பித்தான் பெரிய விளையாட்டுச் சேனல்கள் போட்டிகளை ஏலத்தில் எடுத்தன.

பிறகு கையில் போன் வந்தது. முதலில் கிளம்பியவர்கள் கிரிக்கெட் பைத்தியங்கள். கேபிளை அவர்கள் நிறுத்திய கையோடு, சேனல்காரர்களும் ஆளுக்கொரு செயலியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடினார்கள். ஒரே ஆட்டத்தை முன்வாசலில் கேபிளுக்கும் கொல்லைப்புறத்தில் போனுக்கும் விற்றார்கள். முன்வாசலில் நின்றுகொண்டிருந்த மலர்க்கொடியிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐ.பி.எல். தொடங்கினால் அவளுக்கு வீடு கூடும் என்பது போய், ஐ.பி.எல். தொடங்கினால் வீடு குறையும் என்றாகிவிட்டது.

அவள் உட்கார்ந்து அழவில்லை. எந்தப் பெரிய சேனலும் ஏலத்தில் எடுக்காத ஆட்டம் எது என்று யோசித்தாள். நம் ஊர்ப் பெண்கள் கபடி. வீரமணி கையில் ஒரு கேமராவைக் கொடுத்தாள். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துப் பெண்கள் அணிகளும் ஆடும் போட்டி அந்த வருடம் நடந்தது. அதைத் தன் சொந்தச் சேனலில் நேரடியாகக் காட்டினாள். "நடக்க நடக்கப் பாருங்க!" என்று ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரமும் செய்தாள்.

போட்டியை நடத்திய விழாக் குழு ஒரே ஒரு நிபந்தனை வைத்தது. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் பார்க்க வேண்டும், அதனால் அதே படம் போனிலும் இலவசமாகப் போக வேண்டும். மலர்க்கொடி ஒத்துக்கொண்டாள். தன் வாடிக்கையாளரைப் பறிப்பவனுக்குத் தானே படம் பிடித்துக் கொடுத்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும்.

5

அரையிறுதி வரதராஜன்பேட்டையில் நடந்தது. வீரமணி அங்கிருந்து படத்தை அனுப்பினான். கண்ட்ரோல் ரூமுக்கு வந்து கேபிளில் போக இரண்டு மூன்று நொடி. போனுக்குப் போனது மட்டும் எங்கெங்கோ சுற்றிவிட்டு நாற்பது நொடி கழித்து வந்தது.

ஒரே தெருவில் கேபிள் வீடும் உண்டு, போன் வீடும் உண்டு. பிறகு கேட்கவா வேண்டும்.

மறுநாள் காலையில் மாயவன் கண்ட்ரோல் ரூமுக்கு வந்தார். உரக்கடை வைத்திருப்பவர். ஊரில் முதன்முதலில் கேபிளை நிறுத்தியவர்; நிறுத்தியதைப் பத்துப் பேரிடம் சொல்லிப் பத்துப் பேரையும் நிறுத்த வைத்தவர்.

"மலரு, எனக்கு மறுபடி கேபிள் குடு."

"என்னண்ணே திடீர்னு?"

"திடீர்னு என்ன திடீர்னு? என் வூட்ல இருக்குறது அம்பத்தஞ்சு இஞ்சு டிவி. போன அதுல சேத்து வுட்டு, சோபாவுல சாஞ்சிக்கிட்டுப் பாக்குறேன். எதிர்வூட்டு அரியமுத்து ஒரு பழைய டப்பா டிவிய வச்சிக்கிட்டு எனக்கு முன்னாடி கத்துறான். ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் கத்துறான். கத்திட்டு ஜன்னல் வழியா என்னையப் பாத்துச் சிரிக்கிறான்!"

"அவரு ரிட்டையர்டு கண்டக்டரு, கத்தித்தான் பழக்கம்."

"எனக்குத் தெரியாது. ஃபைனல் அன்னிக்கு நான் மொதல்ல கத்தணும். என்கூட இன்னும் பத்து வூடு வருது. ஒரே கண்டிசன், படம் முன்னாடி வரணும்."

மலர்க்கொடி பதினொரு விண்ணப்பத் தாள்களை எடுத்து மேசையில் வைத்தாள். தன் அவசரத்தை மாயவன் பார்த்துவிடக் கூடாதே என்று தாள்களைத் தட்டித் தட்டி அடுக்கினாள். இருநூற்றுத் தொண்ணூற்று மூன்றும் பதினொன்றும் முந்நூற்று நான்கு. இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. கணக்கெடுப்பு திங்கட்கிழமை. அவளுக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. மாயவன் போன பிறகு சிரித்தாள்.

(முதல் பிரதியில் கதை இங்கேயே முடிந்துவிட்டது. பழைய கேபிள் புதிய போனை ஜெயித்தது, சுபம். எழுதி முடித்துவிட்டுக் காபி குடித்தேன். காபி நன்றாகத்தான் இருந்தது.)

6

பாப்பாயி அன்று மத்தியானம் வந்தாள்.

பாப்பாயி சின்ன வெங்காயத்தின் தாளும் வேரும் அரிந்து கொடுக்கும் வேலை செய்கிறவள். அவளுடைய மகள் கீதாஞ்சலிதான் ஊர் அணியின் தலைவி. எதிராளி கோட்டுக்குள் கபடி பாடிப் போனால் வெறுங்கையோடு திரும்பாத பெண். பாப்பாயி வாசலிலேயே நின்றாள். கையில் மகளுடைய பழைய போன், கண்ணாடி கீறல் விட்டது.

"மலரு, ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சிக்க மாட்டியே?"

"உள்ள வாக்கா. கேளு."

"நேத்து எம்புள்ள வுழுந்துச்சில்ல?"

"அதான் எந்திரிச்சிட்டாளேக்கா. மூச்சு அடைச்சிருச்சு, அவ்ளோதான். ஒரு நிமிசங்கூட இல்ல."

"உனக்கு ஒரு நிமிசம். எனக்கு மொதல்ல தெருவுல சத்தம் வந்துச்சு. எல்லா வூட்டுலேந்தும் 'ஐயோ கீதா'ன்னு. நான் போனப் பாக்குறேன், புள்ள சிரிச்சிக்கிட்டு நிக்கிது. ஜடைய இழுத்துக் கட்டுது. தண்ணி குடிக்கிது. என்ன ஆவப்போவுது, கையா, காலா, தலையா, ஒண்ணும் தெரியல. அடுத்த வூட்டுக்கு ஓடிப்போயி கேக்கலாம்னா காலு நவுரல. அந்தப் போனையே பாத்துக்கிட்டு நின்னேன். நாப்பது செகண்டாம், நெட்டு இழுக்குற சுரேஷு சொன்னான். நாப்பது செகண்டு இம்மாம் நீளம்னு எனக்கு இத்தினி வயசுக்கு அப்பறந்தான் தெரியும் மலரு."

மலர்க்கொடி பெட்டி அடுக்கிலிருந்து ஒரு கேபிள் பெட்டியை எடுத்தாள். "காசு வேணாக்கா. டிவியும் பழசு ஒண்ணு கெடக்கு. வீரமணிய வுட்டு இப்பவே மாட்டிக் குடுக்குறேன்."

"வேணாம். கேபிள்ல நான் பாக்க மாட்டேன்."

"ஏங்கா?"

"பள்ளிக்கூடத்துல ஆடுனப்ப மூணு தடவ நேர்ல போயிப் பாத்தேன். மூணு தடவயும் தோத்துச்சு. எங்கண்ணு அப்புடி. போன்ல வர்றது நடந்து முடிஞ்சதுதான? முடிஞ்சத எங்கண்ணு என்ன பண்ணிரும்? கேபிளு அப்புடியா? நடக்க நடக்கப் பாருங்கன்னு நீதான ஆட்டோவுல கத்திக்கிட்டுப் போன?"

மலர்க்கொடி பெட்டியைத் திரும்ப அடுக்கில் வைத்தாள்.

"அதான் கேக்குறேன். போன சீக்கிரமா வர வச்சாலும் எனக்கு ஆவாது. தெருவுல கத்துறவங்கள ஒரு நாப்பது செகண்டு கழிச்சுக் கத்தச் சொல்ல முடியுமா?"

7

(பாப்பாயியை நான் சந்தேகித்தேன். கண்பட்டுவிடும் என்று பயப்படும் அம்மா என்றால் கதைகளில் உடனே கண்ணீர் வந்துவிடும், எனக்கு அது ஒத்துக்கொள்ளாது. இரண்டு நாள் அவளை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். மாயவன் பேசிக்கொண்டே இருந்தார், நிறுத்தவே இல்லை. மூன்றாம் நாள் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

அவளுடைய வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்கவும் முயன்றேன். நேரலை ஆபத்து, பழைய படம் பாதுகாப்பு. நடந்து முடிந்ததைக் கண்ணால் கெடுக்க முடியாது. பௌதிகம் படித்த நண்பரிடம் கேட்டேன். அவர் ஒரு தாளில் படம் போட்டுப் பார்த்துவிட்டு, அந்தம்மா சொல்வது சரிதான் என்றார்.)

8

சுரேஷ்குமார் முன்பு மலர்க்கொடியிடம் லைன்மேனாக இருந்தவன். இப்போது வீடு வீடாக இன்டர்நெட் இழுத்துக் கொடுக்கிறான். அவள் வீடுகளில் பாதியைக் கொண்டுபோனவன் அவன்தான். ஆனாலும் தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவந்து கொடுப்பான், அவளும் திட்டிக்கொண்டே வாங்கி வைத்துக்கொள்வாள். அவனைக் கூப்பிட்டு விசாரித்தாள்.

"போனு ஏன்டா இவ்ளோ லேட்டு?"

"அது மேல எங்கயோ போயி, துண்டு துண்டா வெட்டி, சேத்துக் கட்டி வருதுக்கா. நம்ம கையில ஒண்ணுமில்ல."

"கேபிளு?"

சுரேஷ்குமார் வீரமணியைப் பார்த்தான். வீரமணி மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தான். அதில் 'தாமதம்' என்று ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு சைபர். சைபரை அழித்து நாற்பது என்று போட்டால் கேபிளும் நாற்பது நொடி பிந்திப் போகும்.

"போட்டா என்ன ஆவும்?" என்றாள்.

"ஊரே ஒண்ணாக் கத்தும்" என்றான் வீரமணி. "அப்பறம் கேபிளுக்குன்னு ஒண்ணும் இருக்காதுக்கா. நம்மகிட்ட மிச்சம் இருக்குறது இந்த நாப்பது செகண்டுதான்."

மலர்க்கொடி அன்று முழுக்க அந்த சைபரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்நூற்று நான்கு வீடு ஒருபக்கம். வெங்காயம் அரிகிற ஒருத்தி இன்னொரு பக்கம், அவளும் வாடிக்கையாளர்கூட இல்லை, போன் வீடு. எனக்கென்ன வந்தது என்று நினைத்தாள். நினைத்த உடனே, ஜடையை இழுத்துக் கட்டும் மகளைப் பார்த்துக்கொண்டு, காலை நகர்த்த முடியாமல் ஒருத்தி நிற்பது கண்ணில் வந்தது.

சனிக்கிழமை காலையில் உரக்கடைக்குத் தானே நடந்து போனாள்.

"மாயவண்ணே, மறைச்சு வச்சு ஏமாத்துனேன்னு இருக்கக் கூடாது. நாளைக்குக் கேபிளும் நாப்பது செகண்டு லேட்டாத்தான் வரும். நான்தான் லேட்டாக்குறேன்."

மாயவன் யூரியா மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "உனக்கு என்ன பைத்தியமா புடிச்சிருக்கு?"

அவள் காரணத்தைச் சொன்னாள். மாயவன் கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டார்.

"நல்ல காரணந்தான்" என்றார் கடைசியில். "ஆனா எனக்கு எதுக்கு அப்பறம் கேபிளு?"

9

இங்கே நான் குறுக்கே புகுந்தேன். கதை எழுதுகிறவனுக்கு அந்த உரிமை உண்டு என்று நினைத்திருந்தேன்.

"மலர்க்கொடி, கவலைப்படாதீங்க. நான் ஒரு வரி எழுதினால் போதும். 'அன்று மாலை புதிதாக ஏழு குடும்பங்கள் அந்த ஊருக்குக் குடிவந்தன.' கணக்கு சரியாகிவிடும்."

"யாரு அவங்க?"

"அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

"வூடு எங்க இருக்கு? எந்தக் கம்பத்துலேந்து வயர் இழுக்குறது? வீரமணி போயித் தேடுனா ஆளு இருக்குமா?"

நான் பேனா மூடியைத் தேடினேன்.

"சார், நீங்க எழுதுற வூடு எனக்கு வேணாம். அதுல கரன்ட்டு இருக்காது, டிவி இருக்காது, பாக்குறதுக்கு மனுசங்க இருக்க மாட்டாங்க. கணக்கெடுக்க வர்ற ஆளு கதவத் தட்டுனா நீங்களா வந்து தொறப்பீங்க?"

அந்த வரியை அடித்துவிட்டேன். இன்னும் ஒரு சந்தேகம் மட்டும் கேட்டேன்: இது தோற்றுப்போகிற வழி என்று தெரிந்தே செய்கிறீர்களா?

"தெரிஞ்சேதான். ஆனா பயமா இருக்கு சார். அதையும் எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டேன்.

10

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு இறுதி ஆட்டம், அவர்கள் ஊர்ப் பள்ளி மைதானத்திலேயே. மலர்க்கொடி கண்ட்ரோல் ரூமுக்குப் போய் சைபரை அழித்தாள். நான்கை அழுத்தினாள், சைபரை அழுத்தினாள். கம்ப்யூட்டர் ஒரு சத்தமும் போடவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்து வீரமணிக்குப் பக்கத்தில் நின்றாள்.

ஆட்டம் தொடங்கி இரண்டாவது நிமிடத்தில்தான் எல்லோருக்கும் அது உறைத்தது.

மைக் செட்.

அரையிறுதி இங்கிருந்து பல மைல் தள்ளி வரதராஜன்பேட்டையில் நடந்ததால் யாரும் அதை நினைத்துப் பார்க்கவில்லை. மலர்க்கொடி நினைக்கவில்லை, வீரமணி நினைக்கவில்லை, எல்லாம் தெரிந்த சுரேஷ்குமார் நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் நினைக்கவில்லை. இந்த இடத்தை எழுதும்போதுதான் தலையில் கைவைத்துக்கொண்டேன். விழா என்றால் மைக் செட் இல்லாமல் எப்படி? பள்ளிக்கூட மாடியில் நாலு திசைக்கும் நாலு குழாய் கட்டி, உடற்பயிற்சி ஆசிரியர் மரிய செல்வம் ஊர் எல்லைவரை கேட்கும்படி வர்ணனை செய்துகொண்டிருந்தார். வரதராஜன்பேட்டைக்காரர், மாதா கோயில் ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசித்துப் பழகிய குரல்.

"கீதாஞ்சலி பாடி வருகிறார்... தொட்டார், தொட்டார், இருவரைத் தொட்டார்! இரண்டு புள்ளிகள்!"

ஊரே கேட்டது. ஊரிலிருந்த அத்தனை டிவியிலும் அத்தனை போனிலும் கீதாஞ்சலி இன்னும் தன் பக்கம் நின்று கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மாயவன்தான் முதலில் வெளியே வந்தார். எதிர்வீட்டிலிருந்து அரியமுத்து வந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"உனக்கு வந்துச்சா?"

"இன்னும் வரல. உனக்கு?"

"எனக்கும் வரல."

"அப்ப இங்க என்னத்துக்கு உக்காந்திருக்கோம்?"

இருவரும் ஒரே வண்டியில் மைதானத்துக்கு வந்தார்கள். பின்னாலேயே தெருத் தெருவாக ஆட்கள் வந்தார்கள், கதவைச் சாத்தாமல், டிவியை நிறுத்தாமல். மலர்க்கொடி இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று வீட்டிலும் தன் சேனல் தனியாக ஓடிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. வீரமணி கேமராவை ஆட்டாமல் சிரிக்க மிகவும் கஷ்டப்பட்டான்.

வராதவள் பாப்பாயி மட்டும்.

ஆட்டம் முடிய மூன்று நிமிடம். இரண்டு பக்கமும் சமப் புள்ளி. கீதாஞ்சலியை நாலு பேர் சேர்ந்து மடக்கினார்கள், ஐந்தாவதாக ஒருத்தி மேலே விழுந்தாள். நாலு பேர் எழுந்தார்கள். ஐந்தாவது ஆளும் எழுந்தாள். கீதாஞ்சலி எழவில்லை. மரிய செல்வம் வழக்கமாக மூச்சுவிடாமல் பேசுகிறவர்.

"கீதாஞ்சலி..." என்றார். பிறகு நாலு குழாயும் அமைதியாகிவிட்டன.

மலர்க்கொடி தெருப்பக்கம் திரும்பினாள். மைதானத்தில் கிடப்பவளை அவள் பார்க்கவில்லை. கீறல் விட்ட போனில் இந்நேரம் கீதாஞ்சலி தெம்பாக நின்றுகொண்டிருப்பாள் என்பது மட்டும் தெரிந்தது. நாற்பதைப் போட்டும் ஒரு பலனும் இல்லை, நான்தான் இந்தப் பொம்பளையை இரண்டாம் தடவையும் அந்தக் குழிக்குள் இறக்கிவிட்டேன் என்று நினைத்தாள்.

ஆனால் இந்தத் தடவை பாப்பாயியின் கால் நகர்ந்தது. பள்ளிக்கூட வாசல் வழியாக அவள் ஓடிவந்தாள், செருப்பில்லாமல், முந்தானையில் வெங்காயச் சருகோடு. கூட்டம் விலகி வழிவிட்டது. கோட்டுப் பக்கம் வந்ததும் சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டு மலர்க்கொடியின் கையைப் பிடித்தாள்.

"எந்திரிச்சிட்டாளா? நீ பாத்துச் சொல்லு."

"எந்திரிச்சு உக்காந்துட்டாக்கா. தண்ணி குடிக்கிறா. நீயே திரும்பிப் பாரு."

"நான் பாத்தா..."

"நான் இருக்கேன்ல. பாருக்கா."

பாப்பாயி திரும்பினாள். கீதாஞ்சலி முகத்தைக் கழுவிவிட்டு நிமிர்ந்தவள், அம்மாவைப் பார்த்து அசந்துபோனாள்.

"நீ ஏம்மா வந்த?"

"சும்மாதான்டி. நீ வெளயாடு."

ஜெயித்தார்களா? இதில் மர்மம் வைக்க மாட்டேன், அவ்வளவு கெட்டவன் இல்லை. ஜெயித்தார்கள், ஒரே புள்ளியில். கடைசிப் புள்ளியை எடுத்தவள் கீதாஞ்சலிதான். ஊர் ஒரே நேரத்தில் கத்தியது, நாற்பது நொடியும் இல்லை, இரண்டு நொடியும் இல்லை. மாயவன் அரியமுத்துவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். பிறகு யாரைத் தூக்கியிருக்கிறோம் என்று தெரிந்து இறக்கிவிட்டார். அப்படியென்றால் உன் கண்ணைப் பற்றிச் சொன்னது பொய்தானே என்று பாப்பாயியிடம் மலர்க்கொடி கேட்டாள்.

"ஒத்தக் கண்ணாலதான்டி பாத்தேன்" என்றாள் பாப்பாயி.

11

திங்கட்கிழமைக்கு மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

முடிவு ஒன்று: நெகிழ்ந்துபோன பதினொரு வீடும் கண்ட்ரோல் ரூம் வாசலில் வரிசையாக

(இல்லை. கபடி ஜெயித்த மறுநாளும் ஆட்கள் ஆட்கள்தான்.)

முடிவு இரண்டு: ஒருவர்கூட வரவில்லை. மலர்க்கொடி கதவைப் பூட்டிச் சாவியை

(இதை எழுதிவிட்டு எனக்கே சாப்பாடு இறங்கவில்லை. தவிரவும் அவள் சாவியைக் கொடுக்கிற ஆளில்லை.)

முடிவு மூன்று. நடந்தது இதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்:

காலையில் மாயவன் வந்தார். நேரலை பிந்தினால் என்ன, ஆட்டத்தைத் திரும்பப் போடுவாயா என்றார். அரியமுத்துவைத் தூக்கியது அதில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டுமாம். தெரிகிறது, போடுவேன் என்றாள். அவர் கையெழுத்துப் போட்டார். பிறகு இரண்டு வீடு வந்தது. சீரியல் இல்லாமல் மாமியார் படுத்தும் பாடு தாங்கவில்லையாம். ஒரு வீடு, இன்டர்நெட் மூன்று நாளாக வராததால். ஒரு வீடு, எந்தக் காரணமும் சொல்லவில்லை. கடைசியாக, நாலு மணிக்கு, சுரேஷ்குமார் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றான்.

"அம்மா பேருல ஒண்ணு போடுங்கக்கா. வெளிய சொல்லிராதீங்க, எம்பொழப்பு நாறிரும்."

ஆறு. இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.

தனக்கும் ஒன்று போட வேண்டும் என்று பாப்பாயியும் வந்தாள். எப்போதோ நின்றுபோன பழைய இணைப்பின் பெட்டியை அவள் இன்னும் ஒப்படைக்காததால், அந்த வீடு ஏற்கனவே கணக்கில் இருப்பது தெரியவந்தது. வீரமணி தலையில் அடித்துக்கொண்டான். மலர்க்கொடி அவளை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தாள்.

இப்போது மணி நாலே முக்கால். கணக்கெடுக்கும் ஆள் வேப்பந்தட்டையில் பஸ் ஏறிவிட்டதாக போன் வந்திருக்கிறது. வந்துசேர இருபது நிமிடம் ஆகும்.

நான் பேனாவை எடுத்தேன். மலர்க்கொடி என்னை முறைத்தாள். கீழே வைத்துவிட்டேன்.

மேசைமேல் கடைசி விண்ணப்பத் தாள் ஒன்று இருக்கிறது. இவ்வளவு தூரம் படித்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள், கண்ட்ரோல் ரூம் வாசல்வரை வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். என்னைப் போலக் கற்பனை வீடு கட்டுகிறவர் இல்லை நீங்கள்; உங்களிடம் நிஜமாகவே ஒரு வீடு இருக்கிறது, அதில் கரன்ட் இருக்கிறது, கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருக்கிறது. வீரமணி எழுந்து நாற்காலியை உங்கள் பக்கம் நகர்த்திப் போடுகிறான். பாப்பாயி டீ தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உங்களையே பார்க்கிறாள், இந்தத் தடவை இரண்டு கண்ணாலும்.

மலர்க்கொடி தாளை இழுத்து நேராக வைத்துக்கொண்டு நிமிர்கிறாள்.

"உள்ள வந்து உக்காருங்க. சொல்லுங்க, யார் பேருக்கு எழுதட்டும்?"